வாயில் நுழையாத பெயர்

சென்ற கோடையில் ஒருநாள் மாலை, மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த வேளை. ஆலய முற்றத்து வேப்பமரத்தடியில் சிறுவன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றான். பச்சை நிறத்தில் கையில்லாச் சட்டை. முதுகில் 34 என்னும் எண். அதன் மேலே ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை வளைந்து செல்லும் ஆங்கில எழுத்துகள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நாம் எழுத்துக்கூட்டிப் பார்த்தோம். "அன்டெ... டோ... கௌன்..." என்று தொடங்கிப் பாதி வழியில் நின்றுவிட்டோம். குருமடத்தில் இலத்தீனும் சிறிது கிரேக்கமும் பயின்றவருக்கு நேர்ந்த இச்சோதனையைக் கண்டு பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படி இல்லை ஃபாதர். அடெடொகூம்போ. யானிஸ் அடெடொகூம்போ" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். பன்னிரு திருத்தூதர்களின் பெயர்களை ஒன்பதுக்கு மேல் சொல்லத் தெரியாத பையன் இவன் என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

நாமும் ஒரு காலத்தில் கூடைப்பந்து ஆடியவர்கள்தாம். ஆகவே பையன் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த ஆட்டக்காரரின் கதையைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டோம். கேட்டபின் அது நம்மை விடவில்லை. கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தோம். படித்ததில் நம் மனத்தில் தங்கியது அவர் கூடையில் போட்ட பந்துகள் அல்ல; அவரை ஏற்றுக்கொண்ட ஊர்தான். அதைப்பற்றித்தான் இம்மாதம் வாசகர்களோடு பேச விழைகிறோம்.

முதலில் அந்தப் பெயர். அதன் கதையே ஒரு பயணக் கதை. தந்தையார் நைஜீரியா நாட்டு யொரூபா இனத்தவர். அம்மொழியில் அக்குடும்பப் பெயருக்குக் 'கடல் கடந்து திரும்பி வந்த மகுடம்' என்பது பொருளாம். குடும்பம் கிரேக்க நாட்டில் குடியேறவே, பெயரைக் கிரேக்க எழுத்தில் எழுதவேண்டி வந்தது. இன்றைய கிரேக்கத்தில் நம் 'கம்பு', 'பந்து' என்ற சொற்களில் வருவதுபோன்ற மெலிந்த பகர, தகர ஒலிகளுக்குத் தனி எழுத்து இல்லை. மகரத்தையும் பகரத்தையும் சேர்த்தும், நகரத்தையும் தகரத்தையும் சேர்த்தும் அவ்வொலிகளை எழுதிக்காட்டுவர். தமிழ் மாணவருக்கு இது வியப்பாயிராது. நாமும் மெல்லினத்தின் துணைகொண்டே வல்லினத்தை மெலிவிக்கிறோம் அன்றோ? பிறகு அந்தக் கிரேக்க எழுத்துகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, சிறுவனின் முதுகில் நாம் கண்ட நெடுந்தொடர் உருவாயிற்று. திருமுழுக்குப் பதிவேட்டில் ஓர் எழுத்து மாறியதன் பொருட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்து, இறுதியில் பங்குத்தந்தையின் மேசைக்கு முன் வந்து நிற்கும் குடும்பங்களை நாம் அறிவோம். எழுத்து மாறினால் ஆளே மாறிப்போனதாக உலகம் நினைக்கிறது.

யானிஸ் 1994-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் ஏதென்ஸ் மாநகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் கால்பந்து ஆடியவர். தாய் வெரோனிகா உயரம் தாண்டும் வீராங்கனை. இருவரும் 1991-இல் பிழைப்புத் தேடி அங்கே வந்தவர்கள். நிலையான வேலை கிடையாது. எந்த நேரமும் காவலரிடம் அகப்பட்டு நாடு கடத்தப்படலாம் என்ற அச்சம் வேறு. பிள்ளைகள் தெருக்களில் கைக்கடிகாரமும் வெயில் கண்ணாடியும் கைப்பையும் விற்றனர். அண்ணன் தனாசிஸும் யானிஸும் ஒரே சோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து ஆடிய நாள்கள் உண்டு. கிரேக்க மண்ணில் பிறந்து, கிரேக்கம் பேசி, கிரேக்கப் பள்ளியில் பயின்றும், 18 வயதுவரை அந்தப் பிள்ளைக்கு எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லை. 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அது கிடைத்தது. அடுத்த மாதமே, ஜூன் 27-ஆம் நாள், அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தெரிந்தெடுக்கும் நிகழ்ச்சி நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் நடைபெற்றது. பதினைந்தாவது பெயராக இவர் பெயர் அழைக்கப்பட்டது. அழைத்த அணி, மில்வாக்கி பக்ஸ். நம் மொழியில் சொன்னால் மில்வாக்கிக் கலைமான்கள்.

மில்வாக்கி என்பது மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் உள்ள ஊர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 5,77,000 மக்கள். நியூயார்க், சிகாகோ போலப் பேர்பெற்ற மாநகரன்று. பிறர் தாண்டிச் செல்லும் ஊர் என்றே சொல்லலாம். ஆனால் வந்தேறிகளால் கட்டப்பட்டது. ஜெர்மானியரும் போலந்துக்காரரும் வந்து சாராய ஆலைகளிலும் தோல் பதனிடும் பட்டறைகளிலும் உழைத்த இடம். அங்கே புனித யோசபாத்தின் பெயரால் ஒரு பசிலிக்கா உண்டு. சிகாகோவில் இடித்துத் தள்ளப்பட்ட பழைய அஞ்சலகக் கட்டடத்தின் கற்களை விலைக்கு வாங்கி, இரயில் வண்டிகளில் ஏற்றிவந்து, போலந்திலிருந்து குடியேறிய தொழிலாளர் எழுப்பிய ஆலயம் அது, 1901-இல் திறக்கப்பட்டது. பிறர் வேண்டாமென்று இடித்த கல்லைக் கொண்டுவந்து குவிமாடம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் கூடைப்பந்து அரங்கில் அமர்ந்திருக்கிறார்கள் என்பது நமக்குப் பிடித்திருக்கிறது. இது வாதமன்று, வெறும் பிரியம்.

அந்த ஊர் மக்களின் உள்ளத்தில் பழைய காயம் ஒன்று இருந்தது. 1968-இல் அணி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே லூ அல்சிண்டர் என்னும் ஒப்பற்ற இளைஞர் வந்து சேர்ந்தார். 1971-இல் பட்டம் வென்றார்கள். பின்னர்க் கரீம் அப்துல் ஜபார் என்று பெயர் மாற்றிக்கொண்ட அவர், தாமே விரும்பிக் கேட்டு 1975-இல் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்குப் போய்விட்டார். அவர்மீது குற்றம் சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்த ஊரில் தமக்கு ஒன்றும் ஒட்டவில்லை என்று அவர் கருதினார். ஆயினும் பெரிய ஆள் வந்தால் போய்விடுவார் என்னும் பாடம் அம்மக்களின் மனத்தில் பதிந்துவிட்டது. 2013-இல் அதைவிடப் பெரிய அச்சம் வந்தது. அரங்கம் பழையதாகிவிட்டது, அணியே ஊரைவிட்டுப் போய்விடக்கூடும் என்ற பேச்சு அடிபட்டது. 2008-இல் சியாட்டில் நகரம் தன் அணியை இப்படித்தான் இழந்திருந்தது.

இத்தகைய ஊருக்கு, இத்தகைய வேளையில், மெலிந்த கைகால்களோடு, அரைகுறை ஆங்கிலத்தோடு, 18 வயதுப் பையன் ஒருவன் வந்து இறங்கினான். வாயில் நுழையாத பெயர். கிரேக்க நாட்டின் இரண்டாம் பிரிவு அணியில் ஆடியதைத் தவிர வேறு அனுபவமில்லை. உயரம் 6 அடி 9 அங்குலம், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தான்! பழச்சாற்றைக் குழைத்துத் தரும் ஒரு பானத்தை வாழ்க்கையில் முதன்முறையாகக் குடித்துவிட்டு, அமெரிக்காவைக் கடவுள் ஆசீர்வதிக்க வேண்டுமென்று உலகமெல்லாம் அறிய எழுதினான். படித்தவர்கள் சிரித்தார்கள். ஏளனச் சிரிப்பன்று, வீட்டுப் பிள்ளை எதையாவது முதன்முதலில் சுவைக்கும்போது முற்றத்தில் எழுமே, அந்தச் சிரிப்பு.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாவிட்டால் நமக்கு நிறைவிராது. அக்காலத்தில் மில்வாக்கி அணியினர் நாள்தோறும் பயிற்சி செய்த கூடம் எங்கே இருந்தது தெரியுமா? நகரை அடுத்த செயின்ட் ஃபிரான்சிஸ் என்னும் சிற்றூரில், மில்வாக்கி உயர்மறைமாவட்டத்தின் தலைமையகக் கட்டடத்தில்! பேராயர் கசின்ஸ் பெயர் தாங்கிய அக்கட்டடம் முன்பு இளங்குருமடமாக இருந்தது. குருமாணவர்கள் குறைந்துபோக, அவர்கள் ஆடிய கூடம் இலட்சக்கணக்கில் ஊதியம் பெறும் ஆட்டக்காரர்களுக்கு வாடகைக்குப் போயிற்று. 2017-இல் நகரத்தின் நடுவே புதுக்கூடம் கட்டும்வரை அங்கேதான் ஆடினார்கள். கடவுச்சீட்டுக் கையில் கிடைத்துச் சில மாதங்களே ஆன அந்தப் பையன் பந்தைத் தட்டித் தட்டிப் பழகியது ஓர் இளங்குருமடத்துத் தரையில் என்பதைப் படித்தபோது, நம் நெஞ்சில் ஏதோ ஒன்று அசைந்தது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

2013–14-ஆம் பருவத்தில் அந்த அணி ஆடிய ஆட்டங்கள் 82. வென்றவை 15, தோற்றவை 67. அணியின் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத தோல்வி. யானிஸ் எடுத்தது ஆட்டத்துக்குச் சராசரி 6.8 புள்ளிகள். உலகை வியக்கவைக்கும் கணக்கா அது? அல்லவே. அரங்கில் பாதிப் பேர் இல்லாத இரவுகள் பல. ஆனால் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த அந்த மீதிப் பேர், தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் மாற்று ஆட்டக்காரனாகிய ஒரு பையனின் பெயரைச் சொல்லப் பழகினார்கள். வானொலியில் ஆட்டத்தை விவரிப்பவர்கள் தடுமாறினார்கள். எதிரணி அரங்குகளில் கொன்று தீர்த்தார்கள். மில்வாக்கியில் மட்டும் சின்னப் பிள்ளைகள்கூடத் திருத்தமாகச் சொன்னார்கள். ஒருவரை வரவேற்பதில் மாலையும் பொன்னாடையும் பின்னால் வருபவை. பெயரைத் திருந்தச் சொல்லக் கற்பதே முதல்.

அந்தப் பருவத்தின் நவம்பர் மாதத்தில் நடந்தது பல ஏடுகளில் வெளிவந்தது. பையன் தன் ஊதியத்தை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். ஆட்டம் நடக்கவிருந்த ஒருநாள் வாடகைக் காரில் வெஸ்டர்ன் யூனியன் நிலையத்துக்குப் போனான். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் பங்குக் குடும்பங்களுக்கு அந்த மஞ்சள் பலகையை விளக்கவேண்டியதில்லை. ஏதென்ஸில் இருக்கும் பெற்றோருக்குக் கையிலிருந்த பணம் முழுவதையும் அனுப்பிவிட்டான். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது: திரும்பிப் போகக் கார் வாடகைக்குக் கையில் காசில்லை. ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும் குளிர். உடம்பில் ஒரு மெல்லிய மேலாடை. ஆட்டத்துக்கு நேரமாகிறது. என்ன செய்வான்? அரங்கத்தை நோக்கி ஓடத் தொடங்கினான்.

ஒரு மைல் தொலைவு ஓடியிருப்பான். அவ்வழியே காரில் சென்ற கணவனும் மனைவியும் சாலையோரம் ஓடும் நெடிய உருவத்தைக் கண்டார்கள். காரை நிறுத்தி, நீ நம் அணியின் பையன் அல்லவா என்று கேட்டார்கள். ஏற்றிக்கொண்டு போய் அரங்க வாயிலில் இறக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அந்தத் தம்பதியர் எதையும் தியாகம் செய்துவிடவில்லை. அவர்களுக்குச் சில நிமிடங்கள் போயிருக்கும். ஆயினும் அந்த ஊர் அக்கதையைத் தன் குடும்பக் கதைபோல் வைத்துக்கொண்டது. யானிஸும் அதை மறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அணியின் இளம் ஊழியர்கள் அவரைக் கடைகளுக்கும் உணவுக்கும் அழைத்துச் சென்றனர். முதலில் நுழைவு அனுமதி மறுக்கப்பட்ட பெற்றோரும் தம்பியரும் 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மில்வாக்கிக்கு வந்து சேர்ந்தனர். அதே ஆண்டு ஏப்ரலில், உரிமையாளரான முன்னாள் மேலவை உறுப்பினர் ஹெர்ப் கோல், ஊரைவிட்டுக் கொண்டுபோகக் கூடாதென்னும் நிபந்தனையோடு 55 கோடி டாலருக்கு அணியை விற்றார். புதிய அரங்கத்துக்குத் தம் பங்காக 10 கோடி டாலர் கொடுத்தார்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது இனிய கதை. நமக்கும் அப்படியே விட்டுவிட ஆசைதான். ஆனால் படிக்கப் படிக்க ஒரு முள் தைத்தது. அந்தக் காரை நிறுத்தியவர்கள் முகத்தை அடையாளம் கண்டதனால் நிறுத்தினார்கள். கண்டிராவிட்டால்? பழைய சட்டையோடு குளிரில் ஓடும் கறுப்பு இளைஞன் எவனோ ஒருவன் என்றால், அந்த நகரத்தில் எத்தனை கார்கள் நின்றிருக்கும்?

இது வம்புக் கேள்வியன்று. வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் பகுதிகளில் பிரிந்து வாழும் அமெரிக்க நகரங்களில் மில்வாக்கி முன்வரிசையில் நிற்பது. 2018-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் பின்னிரவில், அதே அணிக்கு அப்பருவத்தில் புதிதாக வந்திருந்த ஸ்டெர்லிங் பிரவுன் என்னும் கறுப்பு இளைஞர், ஒரு மருந்துக் கடை வாசலில் காரைத் தவறான இடத்தில் நிறுத்தியிருந்தார். ஊனமுற்றோருக்குரிய இடத்தை மறித்து நிறுத்தியது பிழைதான். அபராதச் சீட்டோடு முடிந்திருக்க வேண்டிய பிழை. காவலர்கள் கூடி, அவரைத் தரையில் வீழ்த்தி, மின் அதிர்ச்சிக் கருவியால் தாக்கினார்கள். வழக்கு ஏதும் பதிவாகவில்லை. காவலரின் உடையிலிருந்த ஒளிப்பதிவு மே மாதத்தில் வெளியானபோது காவல்துறைத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அவருடைய உரிமை மீறப்பட்டதை ஏற்று 7,50,000 டாலர் கொடுக்க 2021-இல் நகராட்சி உடன்பட்டது. அரங்கத்துக்குள்ளே பெயர் சொல்லிக் கைதட்டும் அதே ஊர், அரங்கத்துக்கு வெளியே பெயர் தெரியாத ஒரு கறுப்பு இளைஞனை நள்ளிரவில் சந்தித்தபோது நடந்தது இது.

ஆகவே ரசிகர்களின் வரவேற்பு வெறும் தன்னலம் என்று தள்ளிவிடலாமா? அதுவும் நமக்கு நேர்மையாகப் படவில்லை. 2013-இல் அந்தப் பையன் யாருக்கும் வெற்றி தேடித் தந்தவனல்லன். இவன் பெரிய ஆளாவான் என்று உறுதியாகச் சொன்னவரும் இலர். 67 தோல்விகளின் நடுவே ஒரு மாற்று ஆட்டக்காரனின் முகத்தைத் தெருவில், ஓட்டத்தில், அந்திவேளையில் அடையாளம் காணவேண்டுமென்றால், தோற்கும் ஆட்டங்களையும் விடாமல் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? அந்தத் தம்பதியர் காரை நிறுத்தியதைவிட, அவனை அறிந்துவைத்திருந்ததே பெரிது என்று நினைக்கிறோம். அன்பு முழுமையாக இருக்கவில்லை, ஆனால் இருந்தது. மனிதரிடத்தில் பெரும்பாலும் அப்படித்தானே கிடைக்கிறது?

பின்னர் நடந்ததை விளையாட்டுப் பிரியர்கள் அறிவார்கள். 2017 செப்டம்பரில் தந்தையார் மாரடைப்பால் காலமானார். 2019, 2020 ஆகிய இரு பருவங்களிலும் சங்கத்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது யானிஸுக்குக் கிடைத்தது. பெரிய நகரத்து அணிகள் காத்திருந்தன. கரீம் போனதுபோல் இவரும் போவார் என்று ஊரார் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தனர். 2020 டிசம்பர் 15-ஆம் நாள், மில்வாக்கியிலேயே மேலும் ஐந்து ஆண்டுகள் ஆட உடன்படுவதாக அறிவித்தார். தொகை 22 கோடியே 80 இலட்சம் டாலர். பணம் சிறிதன்று; அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

2021-ஆம் ஆண்டு இறுதிப் போட்டித் தொடரில் ஃபீனிக்ஸ் அணியிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் இழந்தனர். எதிரணி தவறிழைக்கும்போது கிடைக்கும் தனி எறிதல்தான் யானிஸின் பலவீனம். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் நிற்பார்; பத்து விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். வெளியூர் அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணி அவரைக் கேலிசெய்தனர். சூலை 20-ஆம் நாள் ஆறாவது ஆட்டம், மில்வாக்கியில். எண்ணுவதற்கு அங்கே ஆளில்லை. 19 தனி எறிதல்களில் 17 கூடைக்குள் விழுந்தன. அன்று அவர் எடுத்த புள்ளிகள் 50. அரங்கத்துக்கு வெளியே ஏறத்தாழ 65,000 பேர் திரண்டு நின்றனர். 105–98 என்ற கணக்கில் வென்று, 50 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் ஊர் திரும்பியது. மறுநாள் காலை அவர் காரில் ஒரு கோழிக்கறிக் கடைக்குப் போய், புள்ளிக்கு ஒன்றாக 50 துண்டுகள் கேட்டு வாங்கினார் என்பதை நம் மறைக்கல்விச் சிறுவன் இருமுறை சொன்னான். அவனுக்கு அதுதான் கதையின் உச்சம்.

கதை முடிந்ததும் அவன் கேட்டான்: "ஃபாதர், உங்க செமினரி டீம்ல யார் ரொம்ப உயரம்?"

நாம் உடனே விடை சொல்லவில்லை. "ஒருவன் இருந்தான்" என்றோம். மணி அடிக்க நேரமாயிற்று என்று எழுந்துவிட்டோம்.

1986-ஆம் ஆண்டு. நாம் இளங்குருமடத்தில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஆண்டுதோறும் அருகிலிருந்த பள்ளியோடு நடக்கும் கூடைப்பந்துப் போட்டியில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தோம். சூன் மாதத்தில் புதிய மாணவர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் எல்லாருடைய தலைக்கும் மேலே தெரிந்தான். கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவன். தகப்பனாருக்குக் கட்டுமர வேலை. தகரப்பெட்டி ஒன்று, பாய் ஒன்று, காலில் ரப்பர் செருப்பு. அவனைக் கண்டதும் நமக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! பேருந்து நிறுத்தத்திலிருந்து அவன் பெட்டியைத் தூக்கிவந்தவர்களில் நாமும் ஒருவர். உணவறையில் நம் மேசையிலேயே இடம் பிடித்துவைத்தோம். நம்மிடம் இருந்த பழைய கேன்வாஸ் காலணியைக்கூடக் கொடுத்தோம். அவன் காலுக்கு அது பற்றவில்லை. பெட்டியைத் தூக்கியதற்காக அவன் அன்றிரவு மூன்றுமுறை நன்றி சொன்னான்.

முதல்நாள் மாலையே ஆடுகளத்தில் இறக்கினோம். அவனுக்குப் பந்தைப் பிடிக்கத் தெரியவில்லை. நெஞ்சில் வாங்கினான், முகத்தில் வாங்கினான். வலைக்குக் கீழே நின்றும் கூடையில் போட முடியவில்லை. ஒரு வாரம் பொறுத்தோம். பிறகு பந்து அவன் பக்கம் போவது குறைந்தது. அதற்குப் பிறகு ஆட்டத்துக்கு அவனை அழைப்பதும் நின்றது. யார் வைத்த பெயரோ தெரியாது, 'ஏணி' என்று எல்லாரும் கூப்பிடத் தொடங்கினோம். மின்விளக்கு மாற்ற வேண்டுமென்றால் ஏணியைக் கூப்பிடு; மாங்காய் பறிக்க ஏணியைக் கூப்பிடு. அவன் ஒருமுறைகூடக் கோபப்படவில்லை. கூப்பிட்டதும் வருவான், முடித்துவிட்டுப் போவான். மாலை வேளைகளில் ஆடுகளத்துக்கு வெளியே நின்று, கோட்டைத் தாண்டி ஓடும் பந்தை எடுத்துக் கொடுப்பான். அந்தப் பணியை நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இளங்குருமடத்தில் அது அரிய நிகழ்ச்சியன்று. ஒவ்வோர் ஆண்டும் சிலர் திரும்பமாட்டார்கள். அதிபர் தந்தை காரணம் சொல்லவில்லை, நாம் கேட்கவுமில்லை. ஆடுகளத்துக்கு வெளியே போகும் பந்தை எடுக்க ஆளில்லையே என்று ஓரிரு நாள் முணுமுணுத்தது நினைவிருக்கிறது.

பழைய இளங்குருமடத்துத் தரையில் பந்து தட்டிப் பழகிய ஏதென்ஸ் பையனைப்பற்றிப் படித்தபோது நெஞ்சில் அசைந்தது இதுதான். நாமும் ஒரு புதியவனை வரவேற்றவர்களே. பேருந்து நிறுத்தம்வரை போய் வரவேற்றவர்கள். ஆனால் நாம் பெட்டி தூக்கியது அவனுடைய உயரத்துக்கு.

அன்றிரவு படுக்கையில் அவனுடைய பெயரை நினைவுகூர முயன்றோம். முகம் வந்தது, தகரப்பெட்டியில் ஒட்டியிருந்த மாதா படம் வந்தது, குரல்கூட வந்தது. பெயர் வரவில்லை. மில்வாக்கியில் சின்னப் பிள்ளைகளும் நான்கு மாதத்தில் கற்றுக்கொண்ட பெயரில் பாதி நீளம்கூட இராது அவனுடைய பெயர். ஏதோ ஒரு புனிதரின் பெயராகத்தான் இருந்திருக்கும். ஆறு மாதம் ஒரே மேசையில் உண்டிருக்கிறோம்.

அடுத்த வாரம், நம்மோடு அங்கே பயின்று இப்போது வேறொரு மறைமாவட்டத்தில் பணியாற்றும் குரு நண்பரைத் தொலைபேசியில் அழைத்தோம். நெட்டையாக ஒருவன் இருந்தானே என்று தொடங்குமுன்பே, "ஏணியா?" என்று கேட்டுவிட்டு மகிழ்ச்சியோடு சிரித்தார். அவன் மாங்காய் பறித்ததெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. பெயர் என்ன என்று கேட்டோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. தமக்கும் தெரியவில்லை என்றார். அந்த ஆண்டு நம்மோடு இருந்த இன்னும் இருவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.